பெஞ்சு சுற்றி வந்த நோட்டு
ஆட்டோகிராஃப் நோட்டு, பிளஸ் டூ வகுப்பு, 1980கள். வண்ணத் தாள், பிளாஸ்டிக் உறை.

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு பிளஸ் டூ வந்தது 1978இல். அதற்கு முன் பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும், பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு படிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டும். பள்ளி நண்பர்களின் பிரிவு ஓர் ஆண்டு தள்ளிப்போனது, கலாய்க்க விஷயமும் கூடியது.

செய்முறைத் தேர்வு முடிந்து பொதுத்தேர்வு தொடங்கும்வரை இந்த நோட்டு கைமாறிக்கொண்டே இருக்கும். ரோஸ் தாளுக்குத்தான் போட்டி.

இடது பக்கத்தைப் பாருங்கள். எழுதியவன் தன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நோட்டுக்காரனின் வண்டவாளம்தான் பக்கம் முழுக்க: இரண்டாம் பீரியடிலேயே அடுத்தவன் டிபன் பாக்ஸைத் திறந்தது, வராதவனுக்கும் சேர்த்து ‘உள்ளேன் ஐயா’ சொல்லி மாட்டிக்கொண்டது, கெமிஸ்ட்ரி லேபில் பிப்பெட்டை வேகமாக உறிஞ்சி வாய் நிறையக் கரைசலோடு முழித்தது. இவ்வளவும் எழுதிவிட்டு, கீழே ‘உயிர் நண்பன்’ என்று கையெழுத்து. பட்டப்பெயரை மட்டும் வேறு மையில் யாரோ அடித்திருக்கிறார்கள். யாராக இருக்கும் என்பது தெரிந்ததுதான்.

வலது பக்க மூலை முக்கோணமாக மடிக்கப்பட்டு, மேலே ‘பிரிக்காதே’ என்றிருக்கிறது. மடிப்பு நைந்துபோகும் அளவுக்குப் பிரித்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது ‘ஏமாந்தாயா, கழுதை!’

பின்னால் வந்த ஸ்லாம் புக்கில் பிடித்த நடிகர், பிடித்த நிறம், லட்சியம் என்று கேள்விகள் அச்சாகவே வந்தன. கேலிக்குக் கட்டம் இல்லை.

கடைசித் தாள்களில் முகவரிகள். பின்கோடு போட்டிருப்பவர்கள் முதல் பெஞ்சுக்காரர்கள்.