வயிற்றுக்குள் ஒழுகும் ரத்தம்

இரவு ஷிப்ட் முடிந்து ஓசூர் சிப்காட்டிலிருந்து பைக்கில் திரும்பும் இளைஞர், சூளகிரி பக்கம் நெடுஞ்சாலையில் சறுக்கி விழுகிறார். ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. ஹேண்டில்பார் குத்திய இடது விலாவுக்குக் கீழே வட்டமாக ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். “ஒண்ணும் இல்லண்ணா” என்று எழுந்து நிற்கிறார். ஒரு மணி நேரத்தில் முகம் வெளுக்கிறது, உடம்பு சில்லிட்டு வியர்க்கிறது, அடியே படாத இடது தோள் வலிக்கிறது. உள்ளே மண்ணீரல் கிழிந்திருக்கிறது.

விபத்துப் பிரிவு மருத்துவர்களுக்குப் பழக்கமான காட்சி இது. முன்பெல்லாம் வயிற்றைத் திறந்து மண்ணீரலை எடுத்துவிடுவார்கள். உயிர் பிழைக்கும், ஆனால் நிமோனியா போன்ற கிருமித் தொற்றுகளுக்கு ஆயுள் முழுக்கப் பயந்து, தடுப்பூசி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்று பலருக்கு அந்த உறுப்பைக் காப்பாற்ற முடிகிறது. ஆஞ்சியோ என்றால் நம்மவர்களுக்கு நெஞ்சுதான் நினைவுக்கு வரும். அதே முறையில் தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ மரத்துப்போக ஊசி போட்டு, தமனி வழியாகக் கத்தீட்டர் என்னும் மெல்லிய குழாயை வயிற்றுக்குக் கொண்டுபோகிறார்கள். சாயத்தைச் செலுத்தியதும், ரத்தம் ஒழுகும் இடம் திரையில் கறுப்பாகப் படர்ந்து காட்டிக்கொடுக்கும். அங்கே நுண்ணிய பிளாட்டினச் சுருள்களையோ ஜெல்ஃபோம் என்னும் பஞ்சுத் துணுக்குகளையோ மருத்துவப் பசையையோ விட்டு அடைக்கிறார்கள். மண்ணீரலில் சில நேரம் பெரிய தமனியையே அடைப்பதுண்டு. மதகை இறக்கினால் வாய்க்காலின் வேகம் குறைவதுபோல் அழுத்தம் தணிந்து கிழிசல் உறையும். சுற்றியுள்ள சிறு குழாய்கள் உறுப்புக்கு உயிரூட்டும். நோயாளி பெரும்பாலும் விழித்தபடியே இருப்பார்.

இது புதிய முறையல்ல. அமெரிக்காவின் போர்ட்லாண்டில் ஜோசப் ரோஷும் அவருடைய குழுவினரும், நோயாளியின் சொந்த ரத்தக்கட்டியையே செலுத்தி இரைப்பை ரத்தக்கசிவை நிறுத்தியதை 1972இல் வெளியிட்டார்கள். அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. கல்லீரல், சிறுநீரகம், இடுப்பெலும்பு முறிவு, குடியால் கணையம் வெந்து தமனி பலூன்போல் வீங்கி வெடிப்பது என எல்லாவற்றிலும் இந்த அடைப்பு முறை கைகொடுக்கிறது. ரத்தம் ஏற்றியும் பிரஷர் நிற்கவில்லையென்றால் மட்டும் காத்திருக்கக் கூடாது, நேரே ஆபரேஷன் தியேட்டர்தான்.

நம் ஓசூர் எல்லையோரத்தின் சிக்கல், எந்தத் திசையில் போவது என்பதுதான். வடக்கே ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, பெங்களூருவின் பெரிய மருத்துவமனைகள். கிழக்கே கிருஷ்ணகிரியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ராணிப்பேட்டை வளாகம். 2021இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய எந்த மாநிலத்தவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் இலவசமாகத் தருகிறது. ஆனால் எங்கே போவது என்று உறவினர்கள் பேசி முடிப்பதற்குள் லிட்டர் கணக்கில் ரத்தம் போய்விடும்.

ஆஞ்சியோ கருவி இருந்தால் போதாது; அதை நள்ளிரவிலும் கையாண்டு குழாய் வழியே ரத்தக்கசிவை அடைக்கத் தெரிந்த இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி மருத்துவர் வேண்டும். இத்தனை ஆலைகளும் இத்தனை நெடுஞ்சாலைகளும் கூடும் மாவட்டத்துக்கு அந்த வசதி இரவு பகலாக இருந்தே தீர வேண்டும். எந்த மருத்துவமனையில் இன்றிரவு அந்த மருத்துவர் இருக்கிறார் என்பது 108 ஆம்புலன்ஸ் ஊழியர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அரசும் ஆலை நிர்வாகங்களும் சேர்ந்தால் முடியாத காரியமல்ல.

அதுவரை, வயிற்றில் அடிபட்டவர் “நல்லாத்தான் இருக்கேன்” என்றாலும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். 108ஐ அழைத்து, ஸ்கேன் வசதியும் ரத்த வங்கியும் உள்ள இடத்துக்கு உடனே கொண்டுபோங்கள்.