மீனுக்கு முன்னே செடி

லண்டன் நகரில் வாழ்ந்த ரசாயன நிபுணர் ராபர்ட் வாரிங்டன், 12 காலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் மணலும் கல்லும் இட்டு, நீர் வார்த்து, வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியை ஊன்றி, இரண்டு பொன்மீன்களையும் விட்டு, அவை ஒன்றையொன்று தாங்கி வாழ்ந்த விதத்தை 1850ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். மீன் வெளிவிடும் கரியமில வாயுவைச் செடி கிரகிப்பதும், வெளிச்சத்தில் செடி வெளிவிடும் பிராணவாயுவை மீன் சுவாசிப்பதுமே அவர் நிரூபிக்க விரும்பிய உண்மை. ஆயினும், வீட்டில் தொட்டி வைக்கும் நமக்கு அதைவிட உபயோகமானது இடையில் அவருக்கு நேர்ந்த சங்கடமே. செடியின் பழைய இலைகள் அழுகி, நீர் கலங்கி, எங்கும் பாசி படர்ந்துவிட்டது. குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டு, அவை அழுகலைத் தின்று தீர்த்த பிறகே நீர் தெளிந்தது.

அந்தச் சங்கடம் புதுத் தொட்டிகளில் இன்றும் வருகிறது. அதற்குத் தக்க காரணமும் உண்டு. கடையில் வாங்கும் நீர்ச்செடிகளில் பெரும்பாலானவை, பண்ணையில் வேர் மட்டும் ஈரத்தில் இருக்க, இலையெல்லாம் காற்றில் நிமிர்ந்து வளர்ந்தவை. நீருக்குள் மூழ்கியதும் அந்த இலைகள் பயனற்றுப்போக, செடி அவற்றைக் கைவிட்டு, நீருக்கு ஏற்ற மெல்லிய இலைகளைப் புதிதாக விடுகிறது. இலங்கையின் ஓடைகளுக்கே உரிய கிரிப்டோகோரைன் வெண்டியை என்னும் அழகிய செடியோ, இடம் மாற்றிய சில நாட்களுக்குள் இலை முழுவதும் கூழாகக் கரைந்து, பார்த்தவர் மனம் பதறும்படி நிற்கும். வேர் உயிரோடுதான் இருக்கும். நட்ட நாற்று முதலில் வெளிறிப் பிறகு பச்சை பிடிப்பதை அறிந்த உழவர் அதைப் பிடுங்கிப் பார்ப்பதில்லை. நாமும் அழுகிய இலைகளை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டு, கிழங்கைத் தொடாமல் விட்டுவிட வேண்டும்.

நடும் முறை எளியது. கழுவிய மணலை இரண்டு மூன்று அங்குல உயரம் பரப்பி, நீரைப் பாதியளவு மட்டும் நிரப்பி, வேரைச் சுற்றியுள்ள பஞ்சை முழுவதும் நீக்கி, நீண்ட வேர்களைச் சற்று நறுக்கி ஊன்றலாம். வாலிஸ்னேரியாவின் குருத்து மணலுக்கு மேலேயே தெரிய வேண்டும், புதைந்தால் அழுகும். தண்டுச் செடிகளைக் கட்டாக நடாமல், அடியிலைகளைக் கிள்ளி, ஒவ்வொரு தண்டாக இடைவெளி விட்டு நடுவதே நலம். அனுபியாஸையும் ஜாவா பெரணியையும் மண்ணில் புதைக்கவே கூடாது. அவற்றின் கிழங்குத் தண்டைக் கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிட்டால், நாளடைவில் வேர் தானாகவே பற்றிக்கொள்ளும்.

இனி, ஊட்டம். செடி வாடுகிறதே என்ற பரிவினால் முதல் வாரத்திலேயே உரத்தையும் வெளிச்சத்தையும் அள்ளிக் கொடுப்பவர்களே பெரும்பாலும் பாசியை வளர்க்கிறார்கள். ஏனெனில், வேர் பிடிக்காத செடி உண்ணமுடியாத உணவை, எந்த நிலையிலும் உண்ணவல்ல பாசி உண்டுவிடுகிறது. ஆகவே தொடக்கத்தில் விளக்கு நாள்தோறும் ஆறு மணி நேரம் எரிந்தால் போதும். புதுத் தளிர் கண்டபின் எட்டு மணி வரை உயர்த்தலாம். வேரால் உண்ணும் வாலிஸ்னேரியாவுக்கும் கிரிப்டோகோரைனுக்கும் மணலுக்குள் உரவில்லைகளைப் புதைப்பது பொருத்தம். தண்டுச் செடிகளுக்கும் அனுபியாஸுக்கும் நீரில் கலக்கும் திரவ உரம் ஏற்றது. வயலுக்கு இடும் யூரியாவைத் தொட்டியில் போடுவது விபரீதம். அது அம்மோனியாவாக மாறி மீனைக் கொல்லும்.

எந்தச் சத்து குறைகிறது என்பதை இலையே காட்டிக்கொடுக்கும் என்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டும் விஷயம். தழைச்சத்து குறைந்தால், செடி முதிர்ந்த இலையிலிருந்து அதனை உறிஞ்சித் தளிருக்குக் கொடுத்துவிடுவதால், அடியிலைகள் முதலில் மஞ்சளாகின்றன. இரும்போ அவ்வாறு இடம்பெயரக்கூடியது அன்று, ஆதலால் அது குறையும்போது தளிரே, நரம்புகள் பச்சையாக நிற்க, வெளிறிப்போகிறது. முதிர்ந்த இலைகளில் ஊசித் துளைகள் கண்டால் பெரும்பாலும் சாம்பல் சத்துக் குறைவு. இந்த மூன்று அடையாளங்களை மனத்திற்கொண்டு நாள்தோறும் சற்று நேரம் செடியை உற்றுப் பார்ப்பவருக்கு, உரப்புட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அளவுகள் இரண்டாம்பட்சமே.

மீன் எப்போது வரலாம்? அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதனை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் மணலில் விருத்தியாவதற்குச் சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். செடி அடர்ந்த தொட்டியில் அம்மோனியாவில் ஒரு பகுதியைச் செடிகளே கிரகித்துக்கொள்வது பெரிய அனுகூலம். பரிசோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று தெரிந்தபின், முதலில் நத்தைகளையும், அடுத்துச் சிறு மீன்களை இரண்டு மூன்றாகவும் விடலாம். மீன் வந்தபின் அதன் கழிவே தழைச்சத்தையும் மணிச்சத்தையும் பெரிதும் தந்துவிடுமாதலால், அவ்விரண்டையும் குறைத்து, மீன் உணவிலிருந்து போதிய அளவு கிடைக்காத சாம்பல் சத்தையும் இரும்பையும் மட்டும், வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றுகிற அன்று இட்டுவரலாம்.