மொடக்குறிச்சியின் மனு

தேர்தல் நாளன்று வோட்டுச் சாவடிக்குள் நுழையும் குடியானவன் அந்த ஒரு நிமிஷத்துக்கு இந்நாட்டின் அரசனாகிறான் என்று மேடைதோறும் கூறப்படுகிறது. கூற்றில் பொய்யில்லை. ஆனால் அவ்வரசன் யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதை அவனுக்கு முன்பே வேறு சிலர் கூடித் தீர்மானித்து முடித்துவிடுகிறார்கள். கட்சிகள் தத்தம் அபேட்சகர்களை நிறுத்துகின்றன. நிறுத்தப்பட்டவர்களில் ஒருவரைப் பொறுக்கும் வேலையே ஜனங்களுக்கு மிஞ்சுகிறது. ஆகவே ஒவ்வொரு தேர்தலிலும் உண்மையில் இரண்டு தேர்வுகள் நடக்கின்றன. இரண்டாவது தேர்வுக்கு மசி உண்டு, சாவடி உண்டு, அதிகாரி உண்டு, சட்டம் உண்டு. முதல் தேர்வுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. இந்தக் குறையின் விளைவு என்ன என்பதைக் கொங்கு நாடு 1996-ஆம் வருஷத்தில் தேசம் முழுவதும் அறியும்படி காட்டிற்று. அரசியல் ஊழியம் புரிவோர் அதைத் திரும்ப எண்ணிப் பார்ப்பது நலம்.

கட்சிகள் இன்றி ஜனநாயகம் நடவாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கட்சி என்றதும் முகஞ்சுளிக்கும் நல்லோர் பலர் நம்மிடையே உண்டு. அவர்கள் 1937-ஆம் வருஷத்துச் சென்னை மாகாணத் தேர்தலை நினைத்துப் பார்க்கட்டும். அன்று வோட்டுரிமை சொத்தும் வரியும் படிப்பும் உடைய சிலருக்கே இருந்தது. அச்சிலரையும் தட்டியெழுப்பி ஒரே நோக்கத்துக்குத் திருப்பியது எது? காங்கிரஸின் மஞ்சள் பெட்டி. பட்டிதொட்டிகளில் அபேட்சகரின் பெயரை அறியாதவரும் மஞ்சள் பெட்டியை அறிந்திருந்தனர். சட்டசபையின் 215 ஸ்தானங்களில் 159 காங்கிரஸுக்குக் கிடைத்தன. சிதறிக் கிடக்கும் ஆயிரம் அபிப்பிராயங்களைத் திரட்டி, ஆம் அல்லது இல்லை என்று விடையளிக்கக் கூடிய ஒரு கேள்வியாக ஆக்கித் தருவதே கட்சியின் முதல் தொண்டு. இத்தொண்டை எந்தத் தனி மனிதரும், அவர் எத்துணைப் பெரியவராயினும், செய்துவிட முடியாது.

தனி மனிதரின் பெருமை கட்சியின் அலைக்கு முன் நில்லாது என்பதற்கும் கொங்கு நாடே சான்று. பொள்ளாச்சிக்கு அருகில் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த ஸ்ரீ சி. சுப்பிரமணியம் மத்திய விவசாய மந்திரியாக இருந்து, புதிய கோதுமை விதைகளை இந்திய மண்ணுக்குக் கொண்டுவந்து, பஞ்ச பயத்தைப் போக்க வழி கோலியவர். 1967-ஆம் வருஷத் தேர்தலில், விவசாயிகள் மிகுந்த கோபிசெட்டிபாளையம் தொகுதியில் அவர் தோற்றார். மாகாணம் முழுவதும் வீசிய காற்று அவ்வருஷம் காங்கிரஸுக்கு எதிராக இருந்தது. ஜனங்கள் அவரைத் தண்டிக்கவில்லை. அவர் சார்ந்த கட்சியைத் தண்டித்தார்கள். ஆள்வோரைக் கலகமின்றி இறக்கும் இந்த வசதியும் கட்சி முறையால்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

இவ்வளவு வலிமை வாய்ந்த கருவி யார் கையில் இருக்கிறது என்பதே அடுத்த கேள்வி. கொங்கு நாட்டின் விவசாயிகள் இக்கேள்விக்கு விடைதேடி மூன்று வழிகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

முதல் வழி கிளர்ச்சி. கிணற்றுப் பாசனத்தை நம்பிய கொங்கு நாட்டில் மோட்டாருக்கு வேண்டிய மின்சாரம் உயிர்நாடி போன்றது. 1970-இல் மின்கட்டணம் உயர்த்தப்பட்டபோது விவசாயிகள் திரண்டெழுந்தனர். பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் மூன்று விவசாயிகள் மாண்டனர். 1972-இல் கட்டை வண்டிகள் கோயம்புத்தூர் வீதிகளை நிறைத்து நகரத்தையே ஸ்தம்பிக்கச் செய்தன. வையம்பாளையம் ஸ்ரீ நாராயணசாமி நாயுடு இக்கிளர்ச்சிகளின் தலைவராய் விளங்கினார்.

இரண்டாவது வழி தனிக் கட்சி. 1982-இல் நாயுடு அவர்கள் உழவர்க்கும் உழைப்பாளர்க்குமாக ஒரு கட்சியையே தொடங்கினார். வண்டி கட்டி வந்த ஜனங்கள் அனைவரும் வோட்டுப் போட வரவில்லை. 1984-ஆம் வருஷ முடிவில், தேர்தல் பிரசாரத்துக்காகக் கோவில்பட்டி சென்றிருந்த இடத்தில் அவர் காலமானார். கட்சி வளரவில்லை. ஆனால் அவருடைய கோரிக்கை செத்துவிட்டதா? 1984-இல் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வந்தது. 1990-இல் அது எல்லா விவசாயிகளுக்கும் விரிந்தது. முன்னதை ஒரு கட்சியின் சர்க்காரும், பின்னதை அதன் எதிர்க்கட்சியின் சர்க்காரும் வழங்கின. தாம் ஜெயிக்க முடியாத கட்சியைக் கண்டுங்கூடப் பெரிய கட்சிகள் அஞ்சின. அஞ்சியமையால் அதன் கோரிக்கையைத் தமதாக்கிக்கொண்டன. ஜனநாயகத்தில் கட்சிகள் வேலை செய்யும் விதம் இது. நியாயத்துக்கு மட்டும் அவை செவி சாய்ப்பதில்லை. நியாயத்தின் பின்னே எண்ணக் கூடிய வோட்டுகள் நிற்கின்றனவா என்றும் பார்க்கின்றன.

மூன்றாவது வழியே மொடக்குறிச்சி. ஈரோட்டுக்கு அண்மையிலுள்ள அச்சட்டசபைத் தொகுதியில் 1996-ஆம் வருஷம் 1,033 பேர் அபேட்சகர்களாக நின்றார்கள். தங்கள் குறைகளை ஆள்வோர் கேளாதிருப்பதைக் கண்டித்து விவசாயிகள் கூட்டங்கூட்டமாகச் சென்று பெயர் கொடுத்தனர். வோட்டுச் சீட்டு ஒரே தாளில் அடங்காமல் புத்தகமாக அச்சிடப்பட்டது. சுமார் ஒரு மாத காலம் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. முடிவில் தி.மு.க.வின் ஸ்ரீமதி சுப்புலட்சுமி ஜெகதீசன் வெற்றி பெற்றார். 88 அபேட்சகர்களுக்கு ஒரு வோட்டுக்கூட விழவில்லை. அவர்களுக்கு அத்தொகுதியில் வோட்டில்லாமல் இருந்திருக்கலாம். அல்லது தமக்குத் தாமே போட்டுக்கொள்வதில் பயனில்லை என்று எண்ணி வேறொருவருக்குப் போட்டிருக்கலாம்.

பத்திரிகைகள் நகைத்தன. அதிகாரிகள் அயர்ந்தனர். ஆனால் நமது மொழியிலேயே இதன் பொருள் அடங்கியிருக்கிறது. தேர்தலில் நிற்பவர் கொடுப்பதும் மனு. கலெக்டர் கச்சேரியில் குறை சொல்லி நிற்பவர் கொடுப்பதும் மனு. இரண்டாவது மனுவைக் கொடுத்துக் கொடுத்துச் சலித்தவர்கள், பதில் சொல்லியே தீரவேண்டிய முதல் மனுவைக் கையிலெடுத்தார்கள். குறை மனுவைக் கட்டி மூலையில் வைத்துவிடலாம். வேட்பு மனுவை அப்படிச் செய்ய இயலாது. அதை வாங்கிப் பரிசீலித்து, சின்னம் ஒதுக்கி, பெயரை அச்சிட்டு, வோட்டுகளை எண்ணியே ஆகவேண்டும். சர்க்காரைத் தம் பெயரை எழுதும்படி செய்வதற்கு அவர்களுக்கு எட்டிய உபாயம் அதுவாகவே இருந்தது.

அதற்குக் கிடைத்த பதில் என்ன? அவ்வருஷமே பார்லிமெண்ட் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தியது. மொடக்குறிச்சி மாத்திரம் அதற்குக் காரணமன்று. 1996-ஆம் வருஷ லோக்சபைத் தேர்தலில் தேசமெங்கும் 13,952 பேர் நின்றிருந்தனர். ஆந்திரத்து நல்கொண்டாவில் மட்டும் 480 பேர். சட்டசபை அபேட்சகர் கட்டவேண்டிய டிபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், லோக்சபைக்கு 500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. பின்னர் 2010-இல் இத்தொகைகள் 10,000 ஆகவும் 25,000 ஆகவும் ஆயின. ஷெட்யூல்டு ஜாதியினரும் பழங்குடியினரும் இதில் பாதி கட்டினால் போதும். மேலும், அங்கீகாரம் பெற்ற கட்சியின் அபேட்சகருக்குப் பிரேரேபணை செய்ய ஒருவர் போதும். மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்று ஏற்பட்டது. பதிவான நல்ல வோட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாதவர் டிபாசிட்டை இழப்பார் என்ற பழைய விதி அப்படியே இருந்தது. 1998-இல் லோக்சபை அபேட்சகர் தொகை 4,750 ஆகக் குறைந்தது.

தேர்தலை நடத்தும் அதிகாரியின் நிலையிலிருந்து நோக்கினால் இத்திருத்தத்தில் நியாயம் உண்டு. புத்தகம் போன்ற வோட்டுச் சீட்டில் தமக்கு வேண்டிய சின்னத்தை ஒரு மூதாட்டி எப்படித் தேடுவார்? விளையாட்டுக்கு நிற்பவர்களையும், பிறர் வோட்டைப் பிரிப்பதற்கென்றே நிறுத்தப்படுபவர்களையும் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் நோய்க்குப் பரிகாரம் இதுவா என்று கேட்கிறோம். கட்சிகளின் வாசல் அடைத்திருந்தமையால் விவசாயிகள் தேர்தலின் வாசலில் வந்து நெருங்கினார்கள். சட்டம் தேர்தலின் வாசலைக் குறுக்கிற்று. கட்சியின் வாசலை அது தொடவே இல்லை.

காசைக் கூட்டினால் கண்டனம் அடங்கிவிடாது என்பதைப் பின்னர் நாடு கண்டது. ஈரோட்டைப் போலவே மஞ்சளுக்குப் பேர்போனது தெலுங்கானாவின் நிஜாமாபாத். 2019-ஆம் வருஷ லோக்சபைத் தேர்தலில் அத்தொகுதியில் 185 பேர் நின்றனர். மஞ்சளுக்கும் சோளத்துக்கும் கட்டுபடியாகும் விலையும், மஞ்சளுக்கென ஒரு போர்டும் வேண்டுமென்று கோரிய விவசாயிகளே அவர்களில் மிகப் பெரும்பாலோர். டிபாசிட் 25,000 ரூபாயாக இருந்தும் அவர்கள் தயங்கவில்லை. மஞ்சள் போர்டு கொண்டுவருவதாகப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்த பா.ஜ.க. அபேட்சகர் வென்றார், முதல் மந்திரியின் புதல்வியாரான பழைய அங்கத்தினர் தோற்றார். எழுதிக் கொடுத்த வாக்குறுதி உடனே நிறைவேறியதா? இல்லை. தேசிய மஞ்சள் போர்டை அமைக்கும் உத்தரவு 2023-இல்தான் பிறந்தது. நிஜாமாபாத்தில் அது 2025 ஜனவரியில் தொடங்கப்பட்டது. ஆயினும் மொடக்குறிச்சிக்கும் நிஜாமாபாத்துக்கும் உள்ள வித்தியாசம் கவனிக்கத் தக்கது. நிஜாமாபாத்தின் கோரிக்கை ஒன்றே ஒன்று. அதை எடுத்துச் செல்ல ஒரு கட்சி முன்வந்தது. நாயுடு அவர்களின் காலத்து மின்சாரக் கோரிக்கைக்கும் இதுவே கதி. குறை எவ்வளவு உண்மையானதாயினும், கட்சி என்ற வண்டியில் ஏறினாலன்றி அது சட்டசபை வாசலைச் சேர்வதில்லை.

அப்படியானால் அவ்வண்டியின் சாரதியை நியமிக்கும் உரிமை யாருடையது? இன்று இந்நாட்டில் ஒரு கட்சி தன் அபேட்சகரைத் தன் அங்கத்தினர்களின் வோட்டைக் கேட்டே தெரிய வேண்டும் என்று சட்டம் எதுவும் கூறவில்லை. தலைமை ஸ்தாபனம் ஜாபிதா வெளியிடுகிறது. தொகுதியில் உழைத்த தொண்டர் மறுநாள் பத்திரிகையில் அதைப் படித்துத் தெரிந்துகொள்கிறார். அமெரிக்காவில் கட்சியின் அபேட்சகர் யார் என்பதற்கே ஒரு பூர்வாங்கத் தேர்தல் நடக்கிறது. இங்கிலாந்தில் தொகுதிக் கிளையின் அங்கத்தினர்களுக்கு அவ்விஷயத்தில் குரல் உண்டு. இங்கே 1985-ஆம் வருஷத்துக் கட்சித் தாவல் தடைச் சட்டம், ஜெயித்து வந்தவரைக் கட்சிக் கொறடாவின் உத்தரவுக்குக் கட்டுப்படுத்துகிறது. ஊழலைத் தடுக்க வந்த சட்டம் அது. ஆனால் நியமனமும் மேலிருந்து, உத்தரவும் மேலிருந்து என்றானபின், பிரதிநிதி தொகுதிக்குப் பதில் சொல்வது எப்போது?

நமது தேசிய இயக்கம் வேறொரு பாதையை அறிந்திருந்தது. 1920-இல் நாகபுரி காங்கிரஸ் வகுத்த அமைப்பு விதிப்படி, நாலணா சந்தா செலுத்தியவர் எவரும் அங்கத்தினராகலாம். கிராமம், தாலுகா, ஜில்லா, மாகாணம் என்று கமிட்டிகள் படிப்படியாகக் கட்டப்பட்டன. 1932-இல் திருப்பூர் வீதியில் தடியடிபட்டு, கையில் கொடியுடன் விழுந்து உயிர் நீத்த குமரன் எவ்விதப் பதவியும் இல்லாத தொண்டர். அத்தகைய தொண்டரை ஆயிரக்கணக்கில் ஈந்தது கீழிருந்து எழுந்த அந்த அமைப்பே. அபேட்சகர் தேர்வில் காங்கிரஸும் பின்னர் மேலிடத்துக்கே அதிகாரம் கொடுத்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. தேர்தல் வந்தது, கமிட்டிகள் மெலிந்தன. அந்த மெலிவை இன்று எல்லாக் கட்சிகளிடமும் காண்கிறோம்.

ஓர் ஆட்சேபத்துக்கு விடை கூறவேண்டும். கிளைக் கமிட்டிகளிடம் அபேட்சகர் தேர்வை விட்டால், அவை ஊர்ப் பெரியதனக்காரரின் திண்ணையாக மாறிவிடும். ஜாதியும் பணமும் அங்கே இன்னும் எளிதில் கோலோச்சும் என்பர் சிலர். இது வெறும் அச்சமன்று. மொடக்குறிச்சியில் மனுப் போடுவதற்கு வேண்டியிருந்த 250 ரூபாயே அன்று பண்ணையில் கூலிக்கு உழைப்பவனுக்குப் பெருந்தொகை. நிலமுள்ளவரின் குறை 1,033 குரல்களில் கேட்டது; நிலமற்றவரின் குறைக்கு அந்தப் புத்தகத்திலும் இடம் அரிதே. ஆனால் மேலிடத்து நியமனம் ஜாதியையும் பணத்தையும் ஒழித்துவிட்டதா? தொகுதியில் எந்த ஜாதி எத்தனை வோட்டு என்று கணக்கெடுத்த பின்னரே ஜாபிதா தயாராகிறது என்பதை அறியாதார் யார்? கிளையில் ரகசிய வோட்டும், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் நிச்சயமான ஸ்தானங்களும், அங்கத்தினர் ஜாபிதாவை யாவரும் பார்வையிடும் உரிமையும் இருக்குமாயின், திண்ணையின் ஆதிக்கத்தை அங்கேயே எதிர்த்து நிற்கலாம்.

ஆகவே ஊழியர்களுக்கு ஒன்று சொல்வோம். தேர்தல் அறிவிப்பு வந்தபின் கொடி தூக்குவது உங்கள் கடமையில் கால் பங்கே. முக்கால் பங்கு, அறிவிப்பு வராத வருஷங்களில் இருக்கிறது. உங்கள் கிளையில் அங்கத்தினர் எத்தனை பேர் என்று கேளுங்கள். கிளைத் தேர்தல் வோட்டெடுத்து நடந்ததா, காகிதத்தில் நடந்ததா என்று கேளுங்கள். அபேட்சகரைத் தீர்மானிக்குமுன் தொகுதிக் கமிட்டியின் வோட்டு எடுக்கப்பட வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவாருங்கள். தோற்றால் அடுத்த வருஷமும் கொண்டுவாருங்கள். அவ்வளவு சிறு கூட்டத்தால் என்ன ஆகும் என்று மனந்தளர வேண்டியதில்லை. 2021-ஆம் வருஷத் தேர்தலில் அதே மொடக்குறிச்சியில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் 281 வோட்டுகள்தாம். அன்று தனித்தனியே மனுப் போட்ட 1,033 பேரில் மூன்றிலொரு பங்கினர் ஒரு கட்சிக் கிளைக்குள் ஒன்றாய் நின்றிருந்தால், அவர்களுடைய குறையைக் கேளாமல் எந்தத் தலைவரும் அந்தத் தொகுதிக்கு ஜாபிதா எழுதியிருக்க முடியாது.