தடையுத்தரவு வாங்கிய பயணக் குறிப்பு

1769 ஏப்ரலில் தாஹிட்டித் தீவில் ஓர் ஓவியர் மேசை நாற்காலியோடு கொசுவலைக்குள் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார். வலையையும் மீறி நுழைந்த ஈக்கள், பூசப் பூச வண்ணத்தைத் தாளிலிருந்து தின்று தீர்த்தன. தாரும் வெல்லப்பாகும் கலந்து பொறி வைத்தும் அடங்கவில்லை. அவர் எடின்பரோவைச் சேர்ந்த சிட்னி பார்க்கின்சன். கேப்டன் குக்கின் 'எண்டெவர்' கப்பலுக்குத் தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் சம்பளம் பேசி அழைத்துப்போன இளைஞர்.

கூட வந்த ஓவியர் புக்கான் தீவுக்கு வந்த சில நாளிலேயே இறந்துவிட, மனிதரையும் நிலக்காட்சியையும் வரையும் பொறுப்பும் இவர் தலையில் விழுந்தது. மொத்தம் 900க்கும் மேற்பட்ட படங்கள். ஆஸ்திரேலியக் கரையில் செடிகள் குவிந்த வேகத்துக்கு, கோட்டுப்படம் போட்டு ஓரிரு இடங்களில் மட்டும் நிறம் தொட்டு, மீதி நிறங்களைக் குறிப்பாக எழுதிவைத்தார். படேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) பரவிய வயிற்றுக்கடுப்புக்கு 1771 ஜனவரி 26 அன்று நடுக்கடலில் பலியானார்.

சண்டை அதற்குப் பிறகுதான். பாக்கிச் சம்பளத்துக்கும் பொருட்களுக்குமாகக் குடும்பத்துக்கு 500 பவுண்டு கொடுத்த பேங்க்ஸ், இடையில் நின்று சமரசம் பேசிய டாக்டர் ஃபாதர்கில் கேட்டதால் சிட்னியின் காகிதங்களை அவருடைய உடன்பிறந்தவரான ஸ்டான்ஃபீல்டிடம் இரவலாகத் தந்தார். அவரோ அச்சுக்கே கொடுத்துவிட்டார்! பயணத்தின் அதிகாரபூர்வ வரலாற்றை எழுத 6,000 பவுண்டு பெற்றிருந்த ஹாக்ஸ்வொர்த் சும்மா இருப்பாரா? நீதிமன்றத்தில் தடை வாங்கினார். 1773 ஜூனில் அவருடைய மூன்று தொகுதிகள் முந்திக்கொண்டன. பார்க்கின்சன் நூல் அதன் பிறகே கடைக்கு வந்தது.

ஓவியர் எழுதியதென்பது பக்கங்களில் தெரியும். தாஹிட்டிக்காரர்கள் பச்சை குத்துவதை விவரிப்பதோடு நிற்காமல், தன் கையிலும் குத்திக்கொண்டதைச் சொல்கிறார். மாவோரித் தலைவரின் முகத்திலுள்ள சுருள்கோடுகள் ஒவ்வொன்றும் செப்புத்தகட்டுப் படத்தில் இருக்கின்றன. சென்ற தீவுகளின் சொற்பட்டியல்களும் உண்டு. அதிகாரபூர்வ நூலைவிட இதுவே எனக்குப் பிடித்தது. மேசையில் மெருகேற்றிய வாசம் இதில் இல்லை.

ஸ்டான்ஃபீல்ட் சித்தம் கலங்கி இறந்தார். விற்காமல் கிடந்த சுமார் 400 பிரதிகளை ஃபாதர்கில்லே வாங்கிக்கொண்டார். 1784இல் வந்த மறுபதிப்பில் அவருடைய பதில் விளக்கம் சேர்ந்தது. 1773 பிரதியிலோ, சிட்னியின் உடைமைகளைத் தராமல் வைத்துக்கொண்டார் என்று பேங்க்ஸ் மீது ஸ்டான்ஃபீல்ட் சொன்ன குற்றச்சாட்டு முன்னுரையில் எதிர்க்குரலின்றி நிற்கிறது. முதல் பதிப்பு அரிதானதற்கும் சேகரிப்பாளர்கள் அதைத் தேடுவதற்கும் இந்தத் தகராறே பாதிக் காரணம்.

சிட்னி செம்மையாக எழுதிவைத்த நாட்குறிப்புப் பிரதி மாயமானது என்பது ஸ்டான்ஃபீல்டின் புகார்களில் ஒன்று. அது இதுவரை எங்கும் தட்டுப்படவில்லை.