மரமா, மாடா? ஊரில் இருக்கும் ஒரு ஏக்கருக்கு எது சரி?

'ஒரு ஏக்கர்ல தேக்கு வைங்க, இருபது வருஷத்துல கோடீஸ்வரர்!' இப்படி ஒரு வீடியோ உங்க போனுக்கும் வந்திருக்கும். அடுத்த வீடியோவில் 'ரெண்டு மாடு போதும், மாசாமாசம் வருமானம்' என்பார்கள். ஊரில் அப்பா, அம்மா பார்த்துக்கொள்ளும் நிலத்துக்கு எது ஒத்துவரும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மாடு: மாதச் சம்பளம் மாதிரி

2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தபோது, ஆவினுக்கு ஊற்றும் பசும்பால் லிட்டருக்கு 38 ரூபாய் ஆனது. அந்த விலையில் தினமும் 10 லிட்டர் கறக்கும் கலப்பின மாடு மாதம் 11,400 ரூபாய் தரும். ஆனால், இது லாபம் இல்லை, வெறும் வரவு.

புண்ணாக்கு, தவிடு, வைக்கோல், ஊசி மருந்து எல்லாம் இதில்தான் போகணும். கன்று போட்டு சுமார் 10 மாதம்தான் கறவை. அடுத்த கன்றுக்கு முன் 2 மாதம் பால் வற்றிவிடும், தீவனச் செலவு மட்டும் வற்றாது. விடியற்காலையும் சாயங்காலமும் கறக்க ஆள் வேண்டும். பல வீடுகளில் அது அம்மாதான். அந்த உழைப்புக்குக் கூலி போட்டால், கையில் நிற்பது ரொம்பவே குறையும்.

மரம்: எஃப்.டி. மாதிரி

மரத்துக்குத் தினசரி வேலை இல்லை. ஆனால், காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு. 20 வருஷம் கழித்து வரும் 10 லட்சம் ரூபாய்க்கு, 8% வட்டிக் கணக்கில் இன்றைய மதிப்பு சுமார் 2.15 லட்சம்தான். வீடியோவில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

சவுக்கு வேறு ரகம். 3, 4 வருஷத்தில் வெட்டலாம். கரூர் புகளூரில் உள்ள டி.என்.பி.எல். காகித ஆலை விவசாயிகளிடம் வாங்குகிறது. என்றாலும் புயல் பயம் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று கடலூரைத் தாக்கிய தானே, பல வருஷம் வளர்த்த முந்திரியையும் பலாவையும் ஒரே நாளில் சாய்த்துவிட்டது.

இன்னொரு எச்சரிக்கை: 1990-களில் 'தேக்குத் தோட்டத் திட்டம்' என்று பணம் வசூலித்த கம்பெனிகளிடம் பலர் ஏமாந்தார்கள். இதுபோன்ற கூட்டு முதலீடுகளுக்கு செபி 1999-இல் தனி விதிமுறைகள் கொண்டுவந்தது.

அப்போ எது?

சிறு விவசாயிக்கு 'எவ்வளவு வரும்' என்பதைவிட 'எப்போ வரும்' என்பதே முக்கியம். ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸ் கட்டணும் என்றால் மாட்டைச் சந்தைக்கு ஓட்டலாம். ஐந்து வருஷத் தேக்கை அவசரத்துக்கு வெட்டினால் விறகு விலைதான்.

அதனால் முழு நிலத்தையும் ஒன்றிலேயே முடக்க வேண்டாம். வரப்பில் தேக்கு, ஓரமாக சவுக்கு, மீதியில் தீவனப்புல்லும் மாடும் எனப் பிரிக்கலாம். இது புதுசும் இல்லை. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல், மாடு எல்லாம் ஒரே நிலத்தில் காலங்காலமாக இருக்கின்றன. மர நிழலில் மாடு மேயும், உதிரும் காய் அதற்கே தீவனம்.

அடுத்த முறை அப்படி ஒரு வீடியோ வந்தால் ரெண்டே கேள்வி கேளுங்க. முதல் ரூபாய் எப்போ கைக்கு வரும்? அதுவரைக்கும் வீட்டுச் செலவுக்கு என்ன வழி?