மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியும் மலை மனிதரும்

துப்பாக்கி என்றால் பின்புறம் தோட்டாவைச் செருகி விசையை இழுப்பது என்றே இக்காலத்தில் நாம் அறிவோம். அதற்கு முன் பல நூற்றாண்டுகள் வழங்கி வந்தது, குழலின் வாய்வழியே மருந்தையும் குண்டையும் இட்டு, கோலால் கெட்டித்துச் சுடும் துப்பாக்கியாகும். நம் ஊர்ப்பக்கங்களில் நரிக்குறவர் தோளில் கண்ட நாட்டுத் துப்பாக்கி இவ்வினத்தைச் சேர்ந்ததே. இத்துப்பாக்கியையும், இதனை நம்பி வாழ்ந்த ஒரு கூட்டத்தாரின் உடை, கத்தி, கம்பளி ஆகியவற்றையும் பழைய முறைப்படியே செய்வித்து, அணிந்து, காட்டில் கூடாரமடித்துத் தங்குவது அமெரிக்காவில் இன்று பலருக்கு அருமையான பொழுதுபோக்காக விளங்குகின்றது.

அக்கூட்டத்தாரை ‘மலை மனிதர்’ என்பர். 1822-ஆம் ஆண்டில் செயின்ட் லூயிஸ் நகரத்துப் பத்திரிகையில் வில்லியம் ஆஷ்லி என்பவர் ஒரு விளம்பரம் செய்தார். மிஸௌரி ஆற்றின் தலைப்பு வரை செல்ல நூறு வாலிபர் தேவை. ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை வேலை என்பது அதன் சாரம். பல்லால் மரத்தை அறுத்து ஓடைக்கு அணை கட்டும் பீவர் என்னும் பிராணியைப் பொறி வைத்துப் பிடித்து, தோலைக் கொணர்வதே அவ்வேலை. ஐரோப்பியக் கனவான்களின் தொப்பிக்கு அதன் மென்மயிர் வேண்டியிருந்தது. கருமான் பட்டறையில் தொழில் பழகிக் கொண்டிருந்த ஜிம் பிரிட்ஜர் என்னும் பதினெட்டு வயதுப் பிள்ளையும் அந்தக் கூட்டத்தோடு புறப்பட்டான். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் புறப்படும் கதை நம்மவர்க்குப் புதிதன்று.

1825 முதல் 1840 வரை ஆண்டுதோறும் கோடையில், ராக்கி மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் இவர்கள் கூடுவர். கோவேறு கழுதைச் சுமையாகச் சரக்கு வரும். தோல் திரும்பிப் போகும். இச்சந்தைக்கு ‘ராண்டெவூ’ என்று பெயர். 1826-இல் ஆஷ்லி தம் வியாபாரத்தை ஸ்மித், ஜாக்ஸன், ஸப்லெட் என்னும் மூவரிடம் ஒப்படைத்தபோது எழுதிய ஒப்பந்தத்தில் சரக்கின் விலைப்பட்டியல் காணப்படுகின்றது. சரக்கு அலுவலகத்தில் பட்டியலோடு காலங்கழிக்கும் எனக்கு, வீரக் கதைகளைக் காட்டிலும் அப்பட்டியலே சுவையாயிருந்தது. வெடிமருந்து பவுண்டுக்கு ஒன்றரை டாலர். ஈயம் ஒரு டாலர். காபி ஒன்றேகால் டாலர். கம்பளி ஒன்று ஒன்பது டாலர். பீவர்ப் பொறி ஒன்றுக்கும் ஒன்பது டாலர். தோலுக்குக் கொடுத்த விலையோ பவுண்டுக்கு மூன்று டாலர். ஒரு தோல் சுமார் ஒன்றரைப் பவுண்டு என்று கொண்டால், ஒரு பொறியின் விலைக்கே இரண்டு தோல் ஈடாகப் போய்விடும். இதுவும் மொத்த விலைதான். இதன்மேல் இலாபம் வைத்தே வேட்டைக்காரனுக்கு விற்றனர். ஆண்டுச் சம்பளம் 200 டாலர் அளவில் இருந்த ஒருவன், கம்பளியும் மருந்தும் கொஞ்சம் சாராயமும் வாங்கிய பின்னர்க் கையில் என்ன மிஞ்சியிருக்கும் என்பதை, மாதக் கடைசியை அறிந்த அன்பர்கள் தாமே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

மருந்தைப் பற்றி ஒரு செய்தி. கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்தது. அதில் முக்கால் பங்கு வெடியுப்பு. அந்நாளில் உலகுக்கே வெடியுப்பு அளித்தது நம் பீகார் மாகாணத்து மண். நோனியா என்னும் வகுப்பார் மண்ணைக் கரைத்துக் காய்ச்சி எடுத்த உப்பு, பாட்னாவிலிருந்து கங்கை வழியே கல்கத்தா சென்று கப்பலேறிற்று. 1802-இல் டெலவேரில் தொடங்கப்பெற்ற டூபாண்ட் மருந்தாலையும் இந்திய வெடியுப்பை வாங்கியதே. ராக்கி மலையில் கேட்ட வெடியோசைக்குப் பின்னால் பாட்னாக்காரனின் உழைப்பும் இருந்ததெனலாம்.

இனி, இக்கலையில் புதிதாக இறங்குவோர் செய்யத்தக்கது யாது? நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மகன் கொலராடோவில் வேலையிலிருக்கிறான். அவன் இதில் மனம் வைத்திருப்பதாக எழுதவே, தந்தையார் கலங்கி, “தம்பி, துப்பாக்கி என்கிறானே, இது என்ன விபரீதம்?” என்று என்னைக் கேட்டார். துப்பாக்கியைக் கடைசியில் வாங்கச் சொல்லுங்கள் என்பதே நான் அவருக்குச் சொன்ன விடை. கூடாரக் கூட்டங்களில் பெரும்பாலும் 1840-க்கு முற்பட்ட முறையிலமைந்த பொருள்களையே அனுமதிப்பர். ஆகவே முதலில் வேண்டுவது உடையும் படுக்கையும்: தளர்ந்த பருத்திச் சட்டை, கம்பளிக் கால்சட்டை, அகன்ற விளிம்புள்ள தொப்பி, நல்ல கம்பளிப் போர்வை இரண்டு. சினிமாவில் தலைமுதல் கால்வரை மான்தோல் அணிந்து வருவார்கள். மான்தோல் நனைந்தால் குளிர்ந்து, காயும்போது சுருங்கிப் பிடிக்கும். பனியாற்றில் முழங்கால் அளவு நின்று பொறி வைத்த அம்மனிதர், தோல் கால்சட்டையின் கீழ்ப்பாதியை வெட்டியெறிந்து கம்பளித் துணியைத் தைத்துக் கொண்டனர் என்பர். உடைக்குச் சான்று வேண்டுவோர், 1837-ஆம் ஆண்டுச் சந்தையை நேரில் கண்டு வரைந்த ஆல்பிரட் ஜேக்கப் மில்லரின் ஓவியங்களைப் பார்க்க வேண்டும். ஆஸ்பர்ன் ரஸ்ஸல் என்னும் வேட்டைக்காரர் எழுதிவைத்த நாட்குறிப்பும் உதவும். மருந்துக் கொம்பு, குண்டுப் பை, இடைவாரில் கசாப்புக் கத்தி, பொறிக்கு இரையாக இடும் வாசனைப் பண்டத்துக்கு ஒரு மரச்சிமிழ், புகையிலைப் பை, தீ மூட்டும் சாமான் என்று அவர் கூறும் சுமை மிகச் சிறியதே. சக்கிமுக்கிக் கல்லையும் எஃகையும் தட்டிக் கருக்கிய துணியில் பொறி பிடிக்கப் பழகுவதற்கே ஒரு மாதம் ஆகும். அதற்குச் செலவும் அற்பம்.

துப்பாக்கி இருவகை. சக்கிமுக்கிக் கல் எஃகில் மோதிப் பொறி சிதறிக் கிண்ணியிலுள்ள மருந்து பற்றுவது ஒன்று. சிறு செப்புக் குப்பியைச் சுத்தி தட்டி வெடிப்பது மற்றொன்று. முன்னதே பழமை, பின்னது புதியவர்க்கு எளிது. செயின்ட் லூயிஸ் நகரத்து ஹாக்கன் சகோதரர் செய்த கனத்த குழல் துப்பாக்கி பெரும்புகழ் வாய்ந்தது. ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் ஒருசேரக் குறிக்க ‘லாக், ஸ்டாக் அண்டு பாரல்’ என்கிறார்களே, அது துப்பாக்கியின் விசையும் கட்டையும் குழலுமேயாகும்.

கெட்டிக்கும் முறையில் ஒவ்வொரு செயலுக்கும் காரணமுண்டு. மருந்தைக் கொம்பிலிருந்து நேரே குழலில் ஊற்றலாகாது. முன் சுட்ட வெடியின் கனல் உள்ளே தங்கியிருந்தால் கொம்பு முழுவதும் கையிலேயே வெடிக்கும். ஆதலின் அளவுக் குப்பியில் ஊற்றிப் பின்னரே குழலில் இடுவர். அரை அங்குல வாயுள்ள துப்பாக்கிக்குத் தொடக்கத்தில் 50 கிரெயின் போதும் என்பர். ஆயினும் துப்பாக்கி செய்தவரின் குறிப்பே முடிவானது. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின் ஆகையால், அது 140 வெடிக்கு வரும். பின்னர் எண்ணெயோ கொழுப்போ தடவிய பருத்தித் துணித்துண்டை வாயில் வைத்து, அதன்மேல் ஈயக்குண்டை வைத்து, மருந்தைத் தொடும் வரை கோலால் இறக்க வேண்டும். இடையில் வெற்றிடம் விட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் கூடும். குண்டு சரியாக இறங்கிற்றா என்று அறியக் கோலில் அடையாளக் கோடு ஒன்று கீறிக் கொள்வது நல்லோர் வழக்கம். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையேல் உடனே கீழே இறக்காமல், ஒரு நிமிடமாவது குறியை நோக்கியே பிடித்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது யாதெனில், இக்காலத்துப் புகையில்லா மருந்தை இத்துப்பாக்கியில் இடுவதாகும். அதன் வேகத்தை இக்குழல் தாங்காது. கண்ணும் விரலும் போகும். கடையில் இரண்டும் அருகருகே இருக்கும். பெயரைப் படித்து வாங்க வேண்டும். மருந்தை வீட்டில் தயாரிக்கும் எண்ணமே வேண்டா. தனியே பழகாமல், பழகியவர் அருகிலிருந்து கற்பதே முறை. 1933-இல் தோன்றிய தேசிய வாய்வழித் துப்பாக்கிச் சங்கம் இதற்கென்றே அங்கே உள்ளது.

சுட்ட அன்றே வெந்நீரும் சோப்பும் கொண்டு குழலைக் கழுவி, உலர்த்தி, எண்ணெயிட வேண்டும். கருமருந்தின் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். விட்டு வைத்தால் துரு ஏறிவிடும்.

பெற்றோர் மற்றொன்றும் எழுதித் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வினத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றைப் பழம்பொருளாகக் கருதுகிறது. எனினும் மாநிலந்தோறும் விதி வேறுபடும். நம் நாட்டிலோ 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, சுடத்தக்க நிலையிலுள்ள வாய்வழித் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். குடகர்க்குப் பழைய வழக்கத்தை ஒட்டி விலக்கு உண்டு, நமக்கில்லை. விமானத்தில் கருமருந்து ஒரு சிட்டிகையும் கொண்டுவரலாகாது. எங்கள் இரயில்வேயிலும் அபாயச் சரக்குக்கென்று சிவப்பு டாரிஃப் என்னும் தனி விதிப்புத்தகம் உண்டு. பயணியின் பெட்டியில் அதற்கு இடமில்லை. ஆகையால் பொங்கலுக்கு ஊர் வரும் பிள்ளை, கம்பளியையும் சக்கிமுக்கி எஃகையும் கொண்டுவந்து காட்டட்டும். துப்பாக்கியைப் படமெடுத்து வந்தால் போதும்.