ஓடைக்குள்ளே ஒரு தோப்பு

வருஷத்துக்கு ஒரு சில நல்ல மழைதான் என்றால், ஆலிவ் மரம் காய்க்குமா?

காய்க்கிறது! துனிசியாவின் தெற்கே, மத்மாத்தா மலைப்பக்கம். அங்கே ஓடைகளுக்குக் குறுக்கே மண்ணாலும் கல்லாலும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கரை போட்டிருக்கிறார்கள். 'ஜெசூர்' என்று பெயர். மழை பெய்தால் சரிவிலிருந்து தண்ணீர் வண்டலை வாரிக்கொண்டு இறங்கும். கரை தடுத்துவிடும். வண்டல் தங்கும், தண்ணீர் மெல்ல மண்ணுக்குள் ஊறும். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அந்த மண்ணில்தான் ஆலிவும் அத்தியும் நிற்கின்றன. சுற்றிலும் மொட்டை மலை!

இதில் அருமையான விஷயம், கல்லடுக்கிக் கட்டிய கலிங்கு. மிஞ்சின தண்ணீர் அது வழியாகக் கீழ்த் தோப்புக்குப் போய்விடும். மேல்கரை உடைந்தால் கீழ்க்கரைக்கும் ஆபத்து. அதனால் பெருமழை ஓய்ந்ததும் கரையைச் செப்பனிட்டே ஆகவேண்டும்.